பிறந்த குழந்தையின் உப்புக் கணக்கு

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது நம் நாட்டுப் பழமொழி. அடுப்பங்கரையிலே பிறந்த இப்பழமொழி உடல் நூலாருக்கும் உடன்பாடானதே. நம் உடலில் உப்புக்கள் இல்லாத உறுப்பு ஒன்றேனும் இல்லை. எலும்புக்கு உறுதி தருவது சுண்ணாம்பு உப்பு. குருதிக்குச் செந்நிறமும் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலும் தருவது இரும்பு. நாடி துடிப்பதற்கும் நரம்பு வேலை செய்வதற்கும் சோடியமும் பொட்டாசியமும் வேண்டும். உடலை எரித்தால் நீராவியாகவும் புகையாகவும் போவன போக, எஞ்சி நிற்கும் சாம்பலே இந்தத் தாது உப்புக்களின் தொகுதியாகும்.

மனித உடல்களுள் மிகச் சிறியது, இன்று பிறந்த குழந்தையின் உடல். அதில் எந்தெந்தத் தாதுப்பொருள்கள் எவ்வளவு உள்ளன, அவற்றை அளந்தறிந்தவர்கள் யார், அளந்ததனால் நமக்கு விளைந்த பயன் யாது என்பனவற்றை மாணவ நேயர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

‘குழந்தையின் உடலிலுள்ள சுண்ணாம்பையும் இரும்பையும் நிறுத்துப் பார்ப்பதில் என்ன பயன்? இது வீண் ஆராய்ச்சி அல்லவா?’ என்று சிலர் கேட்கக்கூடும். சற்றே எண்ணிப் பாருங்கள். பிறந்த குழந்தை இன்னும் ஒரு கவளம் உண்ணவில்லை. ஒரு மிடறு பாலும் பருகவில்லை. அதன் உடலிலுள்ள ஒவ்வோர் அணுவும் தாயின் குருதி வழியாக வந்தது. ஆகவே பிறந்த குழந்தையின் உடல், செலவு இன்னும் தொடங்காத, வரவு மட்டுமே எழுதப்பட்ட ஒரு கணக்கேடு போன்றது. அந்த ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர்க்கு, அக்குழந்தையைச் சுமந்த பத்து மாதமும் தாய் உண்டது எவ்வளவு, உண்ணாமற் போனது எவ்வளவு என்பது விளங்கும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூன்றரைக் கிலோகிராம் எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். இது மேலைநாடுகளில் மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தையின் சராசரி எடை. அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு நீர். கொழுப்பு ஆறில் ஒரு பங்கு. புதிதாய்ப் பிறந்த பன்றிக்குட்டியின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு ஒரு பங்கே என்பதை நோக்கினால், மனிதக் குழந்தை கொழுப்புச் செல்வத்தோடு பிறப்பது என்பது புலனாகும். பெரும்பாலும் புரதமாகிய பகுதி போக, தாதுப்பொருள்களின் தொகுதி நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது ஏறத்தாழ 100 கிராம்.

அந்த 100 கிராமிலே சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் 28 கிராம். இவ்வளவு கால்சியத்தைத் தரக்கூடிய சுண்ணாம்புக் கல்லை நிறுத்தால் 70 கிராம் இருக்கும். பாஸ்பரஸ் 16 கிராம். சோடியமும் பொட்டாசியமும் தனித்தனியே ஆறு கிராம் அளவில் உள்ளன. மக்னீசியம் ஒரு கிராமுக்கும் குறைவு. இரும்போ கிராமில் கால் பங்கைச் சற்றே தாண்டும். ஏறத்தாழ 270 மில்லிகிராம். துத்தநாகம் 50 மில்லிகிராம் அளவிலும், செம்பு அதனினும் குறைவாகவும் உள்ளன. இரண்டு மூன்று குண்டூசிகளின் எடையே உள்ள அந்த இரும்பு குறைந்தால் குழந்தை வெளிறிச் சோர்ந்துவிடும்.

இந்த எண்களை எவ்வாறு அறிந்தார்கள்? இங்கே சற்று மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். உயிருள்ள குழந்தையின் உடலிலுள்ள தாதுக்களை அளக்கும் வழி நெடுங்காலம் எவருக்கும் தெரியவில்லை. உயிரின்றிப் பிறந்த சிசுக்களும், பிறந்த சிறிது நேரத்திற்குள் இறந்த சிசுக்களுமே ஆராய்ச்சியாளருக்கு இந்த அறிவைத் தந்தன. பெயர் சூட்டப்படாமலே மறைந்த அக்குழந்தைகள் பின்னால் பிறந்த பல்லாயிரம் குழந்தைகளுக்குச் செய்த உதவி இது. இவ்வெண்களைப் படிக்கும்போது அதை நாம் மறத்தலாகாது.

ஆராய்ச்சியின் முறை ரசாயனம் பயிலும் மாணவர்களுக்குப் புதிதன்று. முதலில் எடை காண்பார்கள். பிறகு எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்துவார்கள். குறைந்த எடையே நீரின் எடை. உலர்ந்ததிலிருந்து ஈதரைக் கொண்டு கொழுப்பைப் பிரிப்பார்கள். நைட்ரஜனை அளந்து, அதை ஆறேகாலாற் பெருக்கிப் புரதத்தைக் கணிப்பார்கள். தாதுக்களை அறிவதற்கு ஒரு பகுதியை மூசையிலிட்டு மின்சார உலையில் வெண்சாம்பலாகும்வரை எரிப்பார்கள். சாம்பலை ஹைட்ரோகுளோரிக் திராவகத்தில் கரைத்து, அம்மோனியம் ஆக்சலேட்டைச் சேர்த்து, அமிலத் தன்மையைத் தணித்தால் கால்சியம் வெள்ளை வண்டலாகப் படியும். வண்டலை வடித்தெடுத்துக் கந்தகத் திராவகத்தில் கரைத்து, சூடாக இருக்கும்போதே பெர்மாங்கனேட்டுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். இளஞ்சிவப்பு நிறம் மறையாமல் நிற்கும் கணத்தில் கணக்கு முடிகிறது. உங்கள் கல்லூரிச் சோதனைச் சாலையில் நீங்கள் செய்யும் அதே பயிற்சிதான் இது. அங்கே பரீட்சை மதிப்பெண்ணைத் தரும் அந்த நிறம், இங்கே ஒரு குழந்தையின் எலும்பை அளந்து சொல்லுகிறது.

இத்துறைக்கு அடிகோலியவர்களுள் ஒருவர் ஸ்விட்சர்லாந்திலுள்ள பாஸல் நகரில் பேராசிரியராயிருந்த குஸ்தாவ் பூங்கே என்பவர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், அவர் பிறந்த நாய்க்குட்டிகளின் சாம்பலையும், தாய் நாயின் பாலை எரித்த சாம்பலையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் தாதுக்களின் விகிதம் வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தது. குட்டி வளர்வதற்கு எந்த விகிதத்தில் எது வேண்டுமோ, அந்த விகிதத்திலேயே பால் அதைத் தருகிறது. ஒரு தாது மட்டும் இக்கணக்குக்கு உட்படவில்லை. அதுதான் இரும்பு. பாலில் இரும்பு மிகமிகச் சொற்பம். அப்படியாயின் பால்குடிக் குட்டி இரும்புக்கு எங்கே போகும்?

பூங்கே இதற்கு விடை கண்டார். குட்டி தனக்கு வேண்டிய இரும்பைத் தாயின் வயிற்றிலேயே சேமித்துக்கொண்டு பிறக்கிறது. பால்குடி மறக்கும்வரை அந்தச் சேமிப்பே அதைக் காக்கிறது. இதை உறுதிப்படுத்த முயற்குட்டியையும் கினிப் பன்றியின் குட்டியையும் எடுத்துக்கொண்டார். முயற்குட்டி சில வாரங்கள் பாலையே நம்பி வாழ்வது. அதன் உடலில் பிறக்கும்போது இரும்பு மிகுந்திருந்தது. கினிப் பன்றிக்குட்டியோ பிறந்த நாள் முதலே பசுந்தழையைக் கடிப்பது. அதன் உடலில் சேமிப்பு மிகக் குறைவு. கட்டுச்சோறு வேண்டியவனே மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுகிறான். மனிதக் குழந்தைக்கும் அதே நியதிதான். தாய்ப்பால் வழியாக அதற்கு ஒரு நாளில் வரும் இரும்பு அரை மில்லிகிராமுக்கும் குறைவு. முதல் ஆறு மாதங்கள் அது வாழ்வது கருவிலே கட்டிக்கொண்டு வந்த கட்டுச்சோற்றால்தான்.

மனிதச் சிசுவைப் பற்றிய இன்றைய அறிவுக்குப் பெருந்துணை செய்தவர் எல்ஸி விட்டோஸன் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1906-ஆம் ஆண்டில் பிறந்து 2000-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தவர். மெக்கான்ஸ் என்னும் மருத்துவருடன் சேர்ந்து 1940-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட உணவுப்பொருள் அட்டவணை உலகப் புகழ் பெற்றது. 1951-ஆம் ஆண்டில் அவரும் ஸ்ப்ரே என்ற துணைவரும் கருவில் வளரும் சிசுவின் ரசாயன வளர்ச்சியைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். சிசு வளர வளர நீரின் பங்கு குறைவதையும், கொழுப்பும் சுண்ணாம்பும் கடைசி மாதங்களில் விரைந்து ஏறுவதையும் அவர்கள் எண்களால் காட்டினர்.

இந்த ‘விரைந்து ஏறுதல்’ மிகவும் முக்கியமானது. நான் வாழும் திருத்தணிகை மலைப் படிகளைக் கொண்டு இதை விளக்குகிறேன். முருகப் பெருமான் கோயிலுக்கு ஏறும் படிகள் 365 என்றும், அவை ஓர் ஆண்டின் நாட்களைக் குறிப்பன என்றும் எங்கள் ஊரார் சொல்வார்கள். ஒரு படிக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால், கருப்பகாலம் 280-ஆம் படியில் நிறைவெய்தும். ஒரு தாய் 196-ஆம் படியில் நிற்கிறாள் என்று கொள்ளுங்கள். இது ஏழு மாதமாகிய நிலை. மொத்தத் தூரத்தில் பத்தில் ஏழு பங்கு கடந்தாயிற்று. ஆனால் சிசுவின் உடலில் அப்போதுள்ள கால்சியம், பிறக்கும்போது இருக்கவேண்டியதில் கால் பங்கு அளவே. எஞ்சிய முக்கால் பங்கும், அதாவது இருபது கிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்பு, மிச்சமுள்ள 84 படிகளிலேயே ஏற்றப்பட வேண்டும். நாளொன்றுக்குச் சராசரி கால் கிராம். முடிவை நெருங்குகையில் அதற்கும் மேல்.

காவடி சுமப்போர்க்கு உச்சி நெருங்க நெருங்கத் தோள் கனப்பது போல் தோன்றும். சுமை உண்மையில் கூடுவதில்லை. தாய்க்கோ உண்மையாகவே கூடுகிறது. நச்சுக்கொடியானது தாயின் குருதியிலிருந்து கால்சியத்தை வாங்கிச் சிசுவின் குருதிக்குள் இறைத்துக்கொண்டே இருக்கிறது. சிசுவின் குருதியில் கால்சியத்தின் அளவு தாயின் குருதியில் உள்ளதைக் காட்டிலும் அதிகம். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றம் இறைப்பதைப் போன்ற வேலை இது. தாயின் குடலும் கர்ப்ப காலத்தில் உணவிலுள்ள சுண்ணாம்பை வழக்கத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். உணவிலே போதிய அளவு இல்லையெனில், தாயின் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும்.

மாதம் நிறையாமல், அந்த 196-ஆம் படியிலேயே பிறந்துவிடும் குழந்தையின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். அதன் எலும்பு சுண்ணாம்பு ஏறாத இளங்குருத்து. தாய்ப்பால் அமுதமே, ஆயினும் நச்சுக்கொடி கொடுத்த வேகத்தில் சுண்ணாம்பைத் தர அதனால் இயலாது. ஆகவே மிகச் சிறு குழந்தைகளுக்கு அளிக்கும் தாய்ப்பாலுடன் கால்சியமும் பாஸ்பரஸும் கலந்து ஊட்டுகிறார்கள். எவ்வளவு கலப்பது என்ற கேள்விக்கு விடையளிப்பவை, மூசையிலும் உலையிலும் பிறந்த அந்தப் பழைய எண்களேயாகும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918-ஆம் ஆண்டில், ராபர்ட் மெக்காரிஸன் என்ற மருத்துவர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அந்தச் சிறு விதையே பின்னர் உணவு ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. 1958-ஆம் ஆண்டில் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. 1969-ஆம் ஆண்டில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற சி. கோபாலன் அவர்கள் அதன் இயக்குநராயிருந்த காலத்தில்தான் இந்த ஆராய்ச்சி நம் நாட்டுச் சிசுக்களைக் குறித்து நடைபெற்றது.

எஸ். வி. ஆப்தே, லீலா ஐயங்கார் ஆகிய இருவரும் அதனை மேற்கொண்டு 1972-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வறுமையில் வாழ்ந்த தாய்மாரின் இறந்த சிசுக்களை அவர்கள் ரசாயன முறையில் பகுத்தறிந்து, நன்கு உண்ட மேனாட்டுத் தாய்மாரின் சிசுக்களைப் பற்றி முன்னரே வெளியாகியிருந்த எண்களோடு ஒப்பிட்டனர்.

இந்த ஒப்பீடு ஏன் வேண்டியதாயிற்று? நம் நாட்டுக் குழந்தை பிறக்கும்போது எடை குறைந்திருப்பது எல்லோரும் அறிந்ததே. மூன்றரைக் கிலோவுக்கு 28 கிராம் சுண்ணாம்பு எனில், இரண்டே முக்கால் கிலோவுக்கு 22 கிராம் என்று மும்மடிக் கணக்குப் போட்டு அமைந்துவிடலாம் அல்லவா? பெரிய படத்தைச் சிறிதாக எழுதியது போன்றதுதான் நம் குழந்தையின் உடல் என்றால் அந்தக் கணக்கு சரியாகும். ஹைதராபாத்தில் கண்ட உண்மை வேறு. எடைக்கு எடை பார்த்தபோதும், நம் ஏழைத் தாய்மாரின் சிசுக்களில் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் இரும்பும் குறைந்தே இருந்தன. சிசுவின் ஈரலில் இருக்கவேண்டிய இரும்புச் சேமிப்பும் குறைவாயிருந்ததை அதே ஆசிரியர்கள் மற்றொரு கட்டுரையில் காட்டினர்.

‘தாய் பட்டினி கிடந்தாலும் சிசு தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும், குழந்தைக்கு ஒரு குறையும் வராது’ என்ற நம்பிக்கை மருத்துவரிடையிலும் மக்களிடையிலும் இருந்துவந்தது. தாயின் தியாகத்தைப் புகழ்வது போலத் தோன்றும் இந்த நம்பிக்கை, தாய்க்குச் சோறு போடாமலிருக்கவும் ஒரு சமாதானமாயிற்று. தாயின் வறுமை குழந்தையின் எலும்பிலும் ஈரலிலும் எழுதப்பட்டிருக்கிறது என்று துலாக்கோல் சொன்ன பிறகு, அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை.

ஆராய்ச்சி அறிந்தோர் இங்கே ஓர் ஐயத்தை எழுப்புவார்கள். அது நியாயமான ஐயமே. ஆராயப்பட்டவை இறந்த சிசுக்கள். இறப்புக்குக் காரணமான நோயே அவற்றின் உடலமைப்பையும் மாற்றியிருக்கலாம் அல்லவா? இவ்வாறு பகுத்தறியப்பட்ட சிசுக்களின் தொகையும் உலகெங்கும் மிகச் சொற்பமே. ஆதலால் உயிரோடு நலமாயிருக்கும் குழந்தைக்கு ஊறு செய்யாமல் அளக்கும் வழிகளை அறிஞர்கள் தேடினார்கள்.

1978-ஆம் ஆண்டில் ஹைதராபாத் நிறுவனத்தாரே மற்றொரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். ஊட்டம் குறைந்த கர்ப்பிணிகளுள் சிலருக்கு நாள்தோறும் 300 மில்லிகிராமும், சிலருக்கு 600 மில்லிகிராமும் கால்சியம் கொடுத்தனர். சிலருக்கு அது கொடுக்கப்படவில்லை. பிறந்த குழந்தைகளின் எலும்பு அடர்த்தியை எக்ஸ்-கதிர்ப் படங்களின் துணையால் மதிப்பிட்டபோது, கால்சியம் பெற்ற தாய்மாரின் குழந்தைகளுடைய எலும்பு அடர்த்தி மிகுந்திருந்தது. முதல் ஆராய்ச்சி குறையைக் காட்டிற்று. இந்த ஆராய்ச்சி அக்குறையைத் தீர்க்கலாம் என்பதைக் காட்டிற்று.

இன்று கருவிகள் மேலும் நுட்பமாகிவிட்டன. இருவேறு ஆற்றலுள்ள எக்ஸ்-கதிர்களை மிகச் சிறிய அளவில் குழந்தையின் உடலிற் செலுத்தினால், எலும்பு அவற்றைத் தடுக்கும் விதம் வேறு, தசை தடுக்கும் விதம் வேறு. அந்த வேறுபாட்டிலிருந்து எலும்பின் தாது எடையைக் கணித்துவிடலாம். உறங்கும் குழந்தையைத் துணியிற் சுற்றிக் கிடத்தினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

மற்றொரு முறை இதனினும் வியப்பானது. இயற்கையிலுள்ள பொட்டாசியத்தில், பதினாயிரத்துக்கு ஏறத்தாழ ஒன்று என்ற கணக்கில், கதிர் வீசும் அணுக்கள் கலந்திருக்கின்றன. பிறந்த குழந்தையின் உடலிலுள்ள ஆறு கிராம் பொட்டாசியமும் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ இருபது காமாக் கதிர்களைத் தானாகவே வெளியிடுகிறது. வெளிக்கதிர்கள் புகாதபடி கனத்த சுவர் எழுப்பிய அறையில் அவற்றை எண்ணினால் உடலிலுள்ள பொட்டாசியத்தின் அளவு கிடைத்துவிடும். உடலுக்குள் நாம் எதையும் செலுத்தவேண்டியதில்லை. உடல் முழுவதையும் இவ்வாறு எண்ணும் கருவி பெங்களூரிலுள்ள செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் உலையில் எரித்து அறிந்ததை, இன்று உறங்கும் குழந்தையை எழுப்பாமலே அறிகிறோம்.

இனி, இந்த அறிவினால் நாம் செய்ய வேண்டியது யாது என்பதைச் சொல்லுகிறேன்.

முதலாவது, குழந்தை பிறந்த அந்த நிமிடத்தைப் பற்றியது. பிறந்தவுடன் சிசுவுக்குரிய குருதியில் ஒரு பகுதி நச்சுக்கொடியிலும் தொப்புள்கொடியிலும் தங்கியிருக்கிறது. கொடியை உடனே கட்டி வெட்டிவிட்டால் அக்குருதி வீணாகிவிடும். ஒன்று முதல் மூன்று நிமிடங்கள் பொறுத்தால் அதில் பெரும் பகுதி குழந்தையைச் சேரும். அவ்வாறு சேரும் குருதி 80 மில்லிலிட்டர் எனில், அதிலுள்ள இரும்பு 40 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். குழந்தையின் மொத்த இரும்பே 200, 250 மில்லிகிராம் என்னும்போது, இது எத்துணைப் பெரிய சீர் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். காசு செலவில்லை, பொறுமை ஒன்றே வேண்டும். உடனடியாகக் குழந்தைக்கு மூச்சூட்ட வேண்டிய நெருக்கடி இல்லாதபோது, ஒரு நிமிடத்துக்கு முன்பாகக் கொடியைக் கட்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது.

இரண்டாவது, கர்ப்பிணியின் உணவு. எங்கள் திருத்தணி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக் கோடு இடம் மாறியது. எல்லையின் இரு புறத்தாருக்கும் பொதுவான கேழ்வரகு மாறவில்லை. நாம் களி என்பதை அவர்கள் சங்கடி என்பார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே. ஏழையின் தானியம் என்று இகழப்பட்ட ஒன்று, சிசுவின் எலும்புக்கு வேண்டியதை அரிசியைப் போல முப்பது மடங்கு தாங்கி நிற்கிறது. அதை முளைகட்டி மாவாக்கினால் அதிலுள்ள சத்துக்கள் உடலில் சேர்வது எளிதாகும். முருங்கைக் கீரை, எள், பால், மோர் ஆகியவையும் சுண்ணாம்புச் சத்துக்கு உறைவிடங்கள். உணவோடு ஒரு நெல்லிக்காயையோ எலுமிச்சைச் சாற்றையோ சேர்த்தால் தானியங்களிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடலில் நன்கு சேரும்.

மூன்றாவது, மாத்திரைகள். இரும்பின் கணக்கு சுண்ணாம்பின் கணக்கைவிடக் கடுமையானது. தாயின் எலும்பில் ஒரு கிலோகிராம் அளவுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது. சிசுவுக்கு 28 கிராம் கொடுத்தாலும் பெருங்குறை நேராது. இரும்பில் அத்தகைய களஞ்சியம் இல்லை. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். நம் பெண்களிற் பலருக்குச் சேமிப்பு என்பதே கிடையாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியக் கர்ப்பிணிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச் சோகை உடையவர்களாகக் காணப்பட்டனர். வெறும் உணவால் மட்டும் நிரம்பாத பள்ளம் இது. அதனால்தான் அரசினர் கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரைகளையும், 2014-ஆம் ஆண்டு வகுத்த நெறிமுறைப்படி நாளைக்கு ஒரு கிராம் வீதம் கால்சியம் மாத்திரைகளையும் வழங்குகின்றனர். இரண்டையும் ஒரே வேளையில் விழுங்கலாகாது. சுண்ணாம்பு இரும்பை உடலிற் சேரவிடாது. ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை வேறு வேளையிலும் உட்கொள்ள வேண்டும்.

நான்காவது, மாணவிகளாகிய உங்களுக்கு. குழந்தையின் கணக்கேடு திருமணத்துக்குப் பிறகு தொடங்குவதாக எண்ணாதீர்கள். எலும்பிலே சுண்ணாம்பு சேமிக்கப்படும் பருவம் பள்ளிப் பருவமும் கல்லூரிப் பருவமுமே. பள்ளிகளில் வாரந்தோறும் கொடுக்கப்படும் இரும்பு மாத்திரையைச் சிலர் சுவை பிடிக்காமல் எறிந்துவிடுகிறார்கள். அது மருந்து அல்ல என்றும், உங்கள் சேமிப்பில் விழும் நாணயம் என்றும் கருதுங்கள். இன்று உங்களுக்குக் களைப்பின்றிப் படிக்க உதவும் அதே நாணயம் நாளை உங்கள் குழந்தைக்கும் உதவும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். நம் வீடுகளில் ஆண்கள் உண்டபின் எஞ்சியதைப் பெண்கள் உண்பது வழக்கமாக இருந்துவருகிறது. கடைசிப் பந்தியில் மீந்த சோற்றுக்குக் குழம்பும் கீரையும் இருப்பது அரிது. கருவுற்ற பெண் ஒருத்தி அந்தக் கடைசிப் பந்தியில் அமர்ந்தால், அங்கே அமர்வது இரண்டு பேர். உங்கள் வீட்டில் அண்ணியோ அக்காளோ கருவுற்றிருந்தால், அவர்களை முதற்பந்தியில் அமரச் செய்யுங்கள். ரசாயன நூல் கற்றவன் இதைச் செய்யத் தயங்கலாகாது.

குஸ்தாவ் பூங்கே நாய்க்குட்டியிலிருந்து தொடங்கினார். விட்டோஸன் அம்மையார் உயிரற்ற சிசுக்களிலிருந்து கற்றார். ஆப்தேயும் லீலா ஐயங்காரும் நம் ஏழைத் தாய்மாரின் சிசுக்களை நிறுத்துப் பார்த்து, குறை குழந்தையில் இல்லை, தாயின் கலத்தில் இருக்கிறது என்று காட்டினார்கள். 28 கிராம் சுண்ணாம்பும் ஒரு சிட்டிகை இரும்பும் எட்டாத பொருள்கள் அல்ல. இன்று ஒரு தாயின் கலத்தில் அவற்றை இட்டோமானால், நாளை தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் எலும்பிலும் குருதியிலும் அவை இருக்கும்.